தலைக்கு மேலே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை: விண்மீன் திரளை இணையத்தில் ஆராய்வது எப்படி?

மே மாதம். இரவு மணி 11. உங்கள் வீவக புளோக்கின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள்.

வானம் கறுப்பாக இல்லை. ஆரஞ்சும் சாம்பலும் கலந்த நிறம். விமானம் ஒன்று போகிறது. நாலைந்து நட்சத்திரங்கள் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

அதே நேரத்தில், கிட்டத்தட்ட உங்கள் தலைக்கு நேர் மேலே, பெரிய தொப்பி வடிவில் ஒரு விண்மீன் திரள் இருக்கிறது. பெயர் சோம்ப்ரேரோ. மெக்சிகோ நாட்டுத் தொப்பியைப்போல் இருப்பதால் அந்தப் பெயர். உங்களுக்கு அது தெரியாது. உங்கள் அண்டைவீட்டாருக்கும் தெரியாது.

உலகின் ஒளி மாசு பற்றிய வரைபடம் ஒன்றை விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்டார்கள். அதில் ஆக அதிக ஒளி மாசு உள்ள நாடு சிங்கப்பூர். இங்கு வாழும் அனைவரும், இரவில் கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சத்தில் வாழ்கிறார்கள் என்றது அது.

இதில் ஒரு சோகம் என்னவென்றால், நாம் இருக்கும் இடம் அருமையான இடம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் நமக்கு ஏறக்குறைய முழுசாகக் கிடைக்கும். வெளிச்சம்தான் மறைக்கிறது.

ஆனால் இன்னொரு வானம் இருக்கிறது. அதற்கு மேகமும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. வானியல் ஆய்வாளர்கள் தினமும் பயன்படுத்தும் தரவுத்தளங்கள்தான் அந்த வானம். நீங்களும் போகலாம். இலவசம். பெரும்பாலானவற்றுக்குக் கணக்குகூடத் திறக்க வேண்டாம்.

உள்ளே போவது சுலபம். அங்கே கிடைக்கும் எண்ணை எப்போது நம்புவது, எப்போது சந்தேகப்படுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

கூகளில் தேடினால் போதாதா?

படம் மட்டும் வேண்டும் என்றால் போதும்.

'சோம்ப்ரேரோ எவ்வளவு தூரம்?' என்று தேடிப் பாருங்கள். ஒரு தளம் 28 மில்லியன் ஒளியாண்டு என்கும். இன்னொன்று 30 என்கும். வேறொன்று 31 என்கும். எது சரி? யார் அளந்தார்கள்? எப்போது? எப்படி? பதில் இருக்காது.

தரவுத்தளம் அப்படி இல்லை. அங்கே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த ஆய்வுக் கட்டுரை இருக்கும். ஆண்டு இருக்கும். பெரும்பாலும் 'இவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்' என்ற பிழை அளவும் இருக்கும். ஓர் எண்ணைச் சொன்னவர் யார் என்று தெரிந்தால்தான் அதைக் கேள்வி கேட்க முடியும்.

எந்தத் தளம் எதற்கு?

நிறைய தளங்கள் உண்டு. தொடங்குவதற்கு இவை போதும்:

- சிம்பாட்: பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் உள்ள வானியல் தரவு நிலையம் நடத்துகிறது. விண்பொருளின் 'அடையாள அட்டை' என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு பெயர்கள், இருக்கும் இடம், வகை, அதைப் பற்றிய கட்டுரைகள் எல்லாம் ஒரே பக்கத்தில். சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ளவை மட்டும்தான். வியாழன் கிரகத்தைத் தேடி இங்கே வராதீர்கள்.

- என்இடி: அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நாசாவின் ஆதரவுடன் இயங்குகிறது. நமது பால்வீதிக்கு வெளியே உள்ளவைதான் இதன் சிறப்பு. ஒரு பில்லியனுக்கும் அதிகமான பொருள்கள் இதில் பதிவாகியுள்ளன. விண்மீன் திரள் என்றால் முதலில் இங்கே போங்கள்.

- அலாதீன் லைட்: வானத்தின் வரைபடம். கைப்பேசியில் ஊர் வரைபடத்தைப் பெரிதாக்குவதுபோல் வானத்தைப் பெரிதாக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளி, அகச்சிவப்பு, எக்ஸ்-ரே என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

- விசியர்: ஆய்வாளர்கள் வெளியிட்ட அட்டவணைகளின் களஞ்சியம். ஒரு பொருளை அல்ல, ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரே நேரத்தில் ஆராய விரும்பினால் இது.

- ஸ்கைசர்வர்: ஸ்லோன் வான ஆய்வுத் திட்டத்தின் தளம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி எடுத்த படங்களும் நிறமாலைகளும் இங்கே உள்ளன. முழு வானமும் இதில் இல்லை. நீங்கள் தேடியது கிடைக்காவிட்டால் தப்பு உங்கள்மீது இல்லை, அந்தப் பகுதியை அவர்கள் படமெடுக்காமல் இருந்திருக்கலாம்.

- மாஸ்ட்: ஹபிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகளின் காப்பகம். புதிய படங்களில் சில, விண்ணப்பித்த ஆய்வாளர்களுக்கு மட்டும் வழக்கமாக ஓராண்டு வரை ஒதுக்கப்படும். பிறகு உலகத்துக்கே திறந்துவிடுவார்கள்.

சிம்பாட், அலாதீன், விசியர். பெயர்களைக் கேட்டால் ஆயிரத்தொரு இரவுகள் கதை ஞாபகம் வருதா? மூன்றும் அதே ஸ்திராஸ்பூர் நிலையத்தின் பிள்ளைகள்.

இன்னொரு காப்பகத்தின் பெயரும் தமிழருக்கு நெருக்கமானது. சந்திரா எக்ஸ்-ரே விண்வெளி ஆய்வகம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு. 1999இல் விண்ணில் ஏவப்பட்டது. அதன் தரவும் பொதுவில் கிடைக்கிறது.

சரி, தேடிப் பார்ப்போமா?

என்இடி தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் சோம்ப்ரேரோவின் எண்ணைப் போடுங்கள். மெசியே பட்டியலில் அது 104. ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பிறகு 104 என்று தட்டச்சு செய்தால் போதும்.

முதலில் கண்ணில் படுவது பெயர்கள். மெசியே 104 என்பதும் என்ஜிசி 4594 என்பதும் ஒரே பொருள்தான். பல நூறு ஆண்டுகளாகப் பலர் பல பட்டியல்கள் போட்டதால் ஒரே விண்மீன் திரளுக்குப் பத்துப் பெயர் இருக்கும். வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், நண்பர்களிடம் ஒரு பெயர் என்று நமக்கு இருப்பதுபோல்தான்.

இது ஏன் முக்கியம்? ஒரு கட்டுரை மெசியே எண்ணைச் சொல்லும், இன்னொன்று என்ஜிசி எண்ணைச் சொல்லும். தெரியாமல் போனால் ஒரே பொருளை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

அடுத்தது இடம். பூமியில் தீர்க்கரேகை, அட்சரேகை இருப்பதுபோல் வானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. சோம்ப்ரேரோ வான நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11.6 பாகை தெற்கே இருக்கிறது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 1.3 பாகை வடக்கே. இரண்டையும் கூட்டினால் சுமார் 13. அதாவது அது உச்சத்தில் இருக்கும்போது நம் தலைக்கு நேர் மேலிருந்து 13 பாகை மட்டுமே தள்ளி இருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் 'கிட்டத்தட்ட தலைக்கு மேலே' என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பிறகு வகை. சோம்ப்ரேரோவைப் பல காலமாகச் சுருள் வகை என்றே பட்டியலிட்டு வந்தார்கள். 2012இல் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் படங்களை ஆராய்ந்தவர்கள், இது பெரிய நீள்வட்ட வகை, அதற்குள் ஒரு தட்டு இருக்கிறது என்றார்கள். ஆக, வகைப் பெயர்கூட ஒரு தீர்ப்பு அல்ல. அந்த நேரத்தின் கருத்து.

இப்போது அதே எண்ணை அலாதீனில் போடுங்கள். சாதாரண ஒளியில் தொப்பியின் விளிம்பு கறுப்பாகத் தெரியும். அது தூசி. பின்னால் இருக்கும் வெளிச்சத்தை மறைக்கிறது. அகச்சிவப்புக்கு மாற்றுங்கள். மறைத்துக்கொண்டிருந்த தூசியே பிரகாசிக்கும். 2024 நவம்பரில் ஜேம்ஸ் வெப் வெளியிட்ட படத்தில் தொப்பியே காணோம், வளையம்தான் இருந்தது. பொருள் ஒன்று, பார்க்கும் ஒளி வேறு.

அந்த 0.0034 என்ன?

பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் ஒரு சின்ன எண் இருக்கும். ஏறக்குறைய 0.0034. இதுதான் செம்பெயர்ச்சி. ஆங்கிலத்தில் ரெட்ஷிஃப்ட். 'இசட்' என்ற எழுத்தால் குறிப்பார்கள்.

எளிமையாகச் சொன்னால் இப்படி. ஹைட்ரஜன் வாயு சில குறிப்பிட்ட நிறங்களில்தான் ஒளிரும். அதில் ஒன்று சிவப்பு, அலைநீளம் 656.3 நானோமீட்டர். ஆய்வுக்கூடத்தில் அளந்தாலும் அதுதான்.

ஒரு விண்மீன் திரள் நம்மைவிட்டு விலகினால் அந்தக் கோடு நீளமான அலைநீளத்துக்கு நகரும். சோம்ப்ரேரோவில் அது சுமார் 658.5க்கு நகர்ந்திருக்கிறது. எத்தனை பங்கு நகர்ந்தது என்பதுதான் 0.0034.

இதை ஒளி வேகத்தால் பெருக்குங்கள். விநாடிக்கு 300,000 கிலோமீட்டர் பெருக்கல் 0.0034. விடை ஏறக்குறைய 1,020. அதாவது விநாடிக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் அது விலகிப் போகிறது.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1910களில் அமெரிக்காவின் அரிசோனாவில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்பவர் இதே சோம்ப்ரேரோவின் வேகத்தை அளந்தார். இத்தகைய மங்கலான பொருள்களுக்கு ஒரே படத்தட்டில் பல மணிநேரம், சில நேரம் பல இரவுகள் ஒளியைச் சேமிக்க வேண்டியிருந்தது. விடை வந்தபோது அவ்வளவு பெரிய வேகம் அதுவரை யாரும் எதிர்பார்க்காதது.

அவருக்குப் பல இரவுகள். உங்களுக்கு அரை நிமிடம்.

வேகத்திலிருந்து தூரம்: இங்கேதான் கவனம்!

1929இல் எட்வின் ஹபிள் சொன்ன விதி பாடப்புத்தகத்தில் இருக்கும். எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம். பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமேத்ரும் முன்பே இதைக் கண்டிருந்ததால் 2018 முதல் ஹபிள்-லெமேத்ர் விதி என்று அழைக்கிறார்கள்.

கணக்கு சுலபம். வேகத்தை 70ஆல் வகுங்கள். தூரம் மெகாபார்செக் என்ற அளவில் வரும். ஒரு மெகாபார்செக் என்பது 3.26 மில்லியன் ஒளியாண்டு.

சோம்ப்ரேரோவுக்குப் போடுவோம்:

- வேகம்: விநாடிக்கு 1,020 கிலோமீட்டர்
- 70ஆல் வகுத்தால்: சுமார் 14.6 மெகாபார்செக்
- 3.26ஆல் பெருக்கினால்: சுமார் 48 மில்லியன் ஒளியாண்டு

அவ்ளோதான், முடிஞ்சது! என்று பள்ளித் திட்டப்பணியில் எழுதிவிடலாம் போல் இருக்கும்.

எழுதாதீர்கள். தப்பு.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை வைத்து, சோம்ப்ரேரோவில் உள்ள தனித்தனி நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளந்திருக்கிறார்கள். அந்த முறையில் 2016இல் வெளிவந்த முடிவு, சுமார் 31 மில்லியன் ஒளியாண்டு. நம் கணக்கு அதைவிட ஒன்றரை மடங்கு அதிகம்.

தூரம் தப்பானால் கூடவே எல்லாம் தப்பாகும். வானத்தில் சோம்ப்ரேரோவின் அகலம் ஒரு பாகையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. 31 மில்லியன் ஒளியாண்டு என்று வைத்துக் கணக்கிட்டால் அதன் குறுக்களவு 78,000 ஒளியாண்டு வாக்கில் வரும். 48 மில்லியன் என்று வைத்தால் 120,000ஐத் தாண்டும். நமது பால்வீதி சுமார் 100,000. ஒரு தப்பான எண்ணால், பால்வீதியைவிடச் சிறியது பெரியதாகிவிட்டது.

இன்னும் வேடிக்கை வேண்டுமா? மெசியே 31ஐத் தேடுங்கள். ஆண்ட்ரோமிடா. நமக்குப் பக்கத்தில் உள்ள பெரிய விண்மீன் திரள். அதன் செம்பெயர்ச்சி ஏறக்குறைய மைனஸ் 0.001. விநாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் அது நம்மை நோக்கி வருகிறது. 70ஆல் வகுத்தால் தூரம் மைனஸில் வரும்! உண்மையில் அது சுமார் 2.5 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது.

விதி தப்பா?

இல்லை. பயன்படுத்திய இடம் தப்பு.

தீவு விரைவுச்சாலையில் நெரிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஊர்கிறது. நீங்கள் அதற்குள் முன்னும் பின்னும் நடக்கிறீர்கள். வெளியே நின்று உங்கள் வேகத்தை அளப்பவருக்கு, அது பேருந்தின் வேகமா உங்கள் நடையா என்று பிரிக்கவே முடியாது. சாலை காலியாகிப் பேருந்து வேகமெடுத்தபிறகு உங்கள் நடை கணக்கிலேயே வராது.

பிரபஞ்சம் விரிவது பேருந்தின் வேகம். விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று ஈர்த்து அங்குமிங்கும் நகர்வது நடை. அந்த நடையே விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் இருக்கும். மொத்த வேகமே ஆயிரம் என்றால் அந்தச் சில நூறு பெரிய விஷயம். மொத்த வேகம் 47,000 என்றால் ஒன்றுமே இல்லை.

அதனால் பக்கத்தில் உள்ளவற்றுக்குச் செம்பெயர்ச்சியை வைத்துத் தூரம் கணக்கிடக் கூடாது.

அப்போ எதைப் பயன்படுத்துவது? என்இடி பக்கத்தில் 'செம்பெயர்ச்சி சாராத தூரங்கள்' என்று தனிப் பட்டியல் இருக்கும். ஒளி கூடிக் குறையும் சீஃபீட் நட்சத்திரங்கள், வெடித்துச் சிதறும் சூப்பர்நோவாக்கள், ஆகப் பிரகாசமான சிவப்பு ராட்சத நட்சத்திரங்கள் என்று பல முறைகளில் அளந்த தூரங்கள் அதில் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே எண்ணாக இருக்காது. மூன்றைப் பாருங்கள்: எந்த முறை, எந்த ஆண்டு, பிழை எவ்வளவு. மூன்றையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் ஆராய்ச்சி.

தூரத்தில் இருப்பதற்கு விதி வேலை செய்யுமா?

பார்த்துவிடுவோம். சோம்ப்ரேரோ இருக்கும் அதே கன்னி நட்சத்திரக் கூட்டத்தில் இன்னொரு பொருள் உண்டு. பெயர் 3சி 273.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது வானொலி அலைப் பட்டியலில் 273வது பொருள். அவ்வளவுதான் பெயரின் அர்த்தம். வானத்தில் அது சரியாக எங்கே இருக்கிறது என்பதே முதலில் தெளிவாகத் தெரியவில்லை. 1962இல் நிலா அதை மறைத்துக்கொண்டு போனது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, வானொலி அலை மறைந்த நொடியையும் திரும்பி வந்த நொடியையும் குறித்தது. நிலா அப்போது எங்கே இருந்தது என்பது தெரியும். அதை வைத்து இடத்தைப் பிடித்தார்கள்.

அங்கே பார்த்தால் சாதாரண நட்சத்திரம்போல் ஒரு புள்ளி. 1963இல் கலிஃபோர்னியாவில் மார்ட்டின் ஷ்மிட் அதன் நிறமாலையை ஆராய்ந்தார். கோடுகள் எதுவும் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. பிறகுதான் புரிந்தது. அவை நமக்குத் தெரிந்த ஹைட்ரஜன் கோடுகள்தான். ஏறக்குறைய 16 விழுக்காடு நகர்ந்திருந்தன. 'நட்சத்திரம்' என்று நினைத்தது, தொலைவில் உள்ள ஒரு விண்மீன் திரளின் கொழுந்துவிட்டு எரியும் மையம். குவேசார் என்று இன்று சொல்கிறோமே, அது.

இப்போது நீங்கள் கணக்குப் போடுங்கள். என்இடி தரும் செம்பெயர்ச்சி 0.158.

- வேகம்: 300,000 பெருக்கல் 0.158, அதாவது விநாடிக்கு 47,400 கிலோமீட்டர்
- 70ஆல் வகுத்தால்: சுமார் 677 மெகாபார்செக்
- ஒளியாண்டில்: சுமார் 2.2 பில்லியன்

இந்த முறை விடை நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தூரங்கள் இருப்பதைப் பார்த்துக் குழம்புவீர்கள். ஒளி நம்மை வந்தடைய எடுத்த காலம் சுமார் 2 பில்லியன் ஆண்டு. பொருளின் உண்மைப் பிரகாசத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் தூரமோ சுமார் 2.4 முதல் 2.5 பில்லியன் ஒளியாண்டு.

எது சரி? எல்லாமே சரிதான். ஒளி வந்துகொண்டிருந்த நேரத்தில் பிரபஞ்சமும் விரிந்துகொண்டிருந்தது. அதனால் 'தூரம்' என்ற சொல்லுக்கே பல அர்த்தம் வந்துவிட்டது. எந்தத் தூரத்தைச் சொல்கிறீர்கள் என்று எழுதுவது உங்கள் பொறுப்பு.

நாம் பயன்படுத்திய 70 என்ற எண்ணிலும் சண்டை உண்டு. பிரபஞ்சத்தின் ஆரம்பகால ஒளியை வைத்துக் கணக்கிட்டால் 67 வாக்கில் வருகிறது. சூப்பர்நோவாக்களை வைத்து அளந்தால் 73 வாக்கில் வருகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இன்னும் முடிவாகவில்லை.

பலரும் செய்யும் தவறுகள்

- படத்தின் நிறத்தை நம்பிவிடுவது. அகச்சிவப்பும் எக்ஸ்-ரேயும் நம் கண்ணுக்குத் தெரியாதவை. வேறுபடுத்திக் காட்ட நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

- இரண்டு வகைச் செம்பெயர்ச்சியைக் கலந்துவிடுவது. நிறமாலையிலிருந்து அளந்தது துல்லியமானது. நிறங்களை மட்டும் வைத்து மதிப்பிட்டது அவ்வளவு துல்லியமாக இருக்காது. எது என்று பக்கத்தில் குறிப்பு இருக்கும்.

- தேவைக்கு மேல் துல்லியம் காட்டுவது. கணிப்பான் 47.56428 என்று காட்டும். பிழை அளவே சில மில்லியன் என்றால் 48 என்று எழுதினால் போதும்.

- காலியாக இருக்கும் கட்டத்தைப் பூஜ்யம் என்று நினைப்பது. தரவு இல்லை என்றால் யாரும் அளக்கவில்லை என்று பொருள். அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள் இல்லை.

- உரையாடுசெயலியிடம் கேட்டுவிட்டு அப்படியே ஒட்டுவது. அது சொல்லும் எண் சரியாகவும் இருக்கலாம். என்இடியில் ஒருமுறை சரிபார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

- எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவது. இந்தத் தளங்கள் பணம் கேட்பதில்லை. தங்கள் பெயரைக் குறிப்பிடும்படி மட்டும் கேட்கின்றன.

நான் என்ன பெரிசா கண்டுபிடிக்கப் போறேன்?

அப்படி நினைத்தால் ஹானி வான் ஆர்கெலின் கதையைக் கேளுங்கள்.

2007இல் 'கேலக்ஸி ஸூ' என்ற திட்டம் தொடங்கியது. ஸ்லோன் திட்டம் எடுத்த ஏறக்குறைய ஒரு மில்லியன் விண்மீன் திரள்களின் படங்களைப் பொதுமக்களிடம் காட்டினார்கள். கேள்வி சின்னதுதான். இது சுருளா, நீள்வட்டமா?

ஹானி நெதர்லந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். வானியல் படித்தவர் இல்லை. படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்தபோது ஐசி 2497 என்ற விண்மீன் திரளுக்குப் பக்கத்தில் ஒரு விநோதமான திட்டைப் பார்த்தார். சுருளும் இல்லை, நீள்வட்டமும் இல்லை. 'இது என்ன?' என்று கேட்டார்.

நிபுணர்களுக்கும் தெரியவில்லை. தொலைநோக்கிகளைத் திருப்பினார்கள். அது ஒரு பெரிய வாயு மேகம். பக்கத்து விண்மீன் திரளின் மையம் ஒரு காலத்தில் குவேசாராக எரிந்தபோது அதன் ஒளி பட்டு மிளிர்கிறது. குவேசார் மங்கிவிட்டது. பழைய ஒளி மட்டும் மேகத்தில் இன்னும் தெரிகிறது.

அதற்கு 'ஹானியின் வூர்வெர்ப்' என்று பெயர் வைத்தார்கள். டச்சு மொழியில் வூர்வெர்ப் என்றால் 'பொருள்'. பின்னர் ஹபிள் தொலைநோக்கியும் அதைப் படம் எடுத்தது.

அந்தப் படம் ஹானி பார்ப்பதற்கு முன்பே தரவுத்தளத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அவரிடம் இருந்தது ஒன்றுதான். பொருந்தாத ஒன்றைக் கண்டதும் அடுத்த படத்துக்குப் போய்விடாமல் நின்றார்.

கேலக்ஸி ஸூ இன்றும் நடக்கிறது. ஸூனிவர்ஸ் தளத்தில் புதிய படங்களுடன் தொடர்கிறது.

இன்றிரவு செய்து பாருங்கள்

உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தாலும் சரி, தொடக்கக் கல்லூரியில் இருந்தாலும் சரி, இதைச் செய்ய ஒரு மணிநேரம் போதும்:

- மெசியே பட்டியலிலிருந்து ஐந்து விண்மீன் திரள்களைத் தேர்ந்தெடுங்கள்.
- ஒவ்வொன்றின் செம்பெயர்ச்சியையும் என்இடியிலிருந்து எடுத்து, 70ஐ வைத்துத் தூரத்தைக் கணக்கிடுங்கள்.
- பக்கத்திலேயே, செம்பெயர்ச்சி சாராத முறையில் அளந்த தூரத்தையும் எழுதுங்கள்.
- இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிசகுகின்றன என்று பாருங்கள். ஏன் என்று யோசியுங்கள்.

பிசகும் இடத்தில் தப்பு செய்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். அந்த விண்மீன் திரள் 'நடந்துகொண்டிருக்கிறது' என்பதை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

முடித்ததும் புளோக்கின் கீழே போய் மறுபடியும் அண்ணாந்து பாருங்கள். வானம் அதே ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். மே மாதம் என்றால், தொப்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதன் ஒளி 31 மில்லியன் ஆண்டுக்கு முன்பு புறப்பட்டது என்பதும், 48 என்று யாராவது சொன்னால் எங்கே பிசகினார்கள் என்பதும் தெரியும்.